பேச்சிமுத்துவின் வலது கால்

அந்தச் சனிக்கிழமை காலையில் ஜெசிந்தாவின் வலது கால் விண்விண்ணென்று தெறித்தது. அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தோஷம்தான். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த பெண். பதினாறு வருஷமாக இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாது, வெந்நீர் ஊற்றினாலும் தெரியாது. அவளுக்குக் கால் என்று ஒன்று கிடைத்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆசைப்பட்டு வாங்கிய பொருள் கொஞ்சம் சத்தம் போட்டால் அதையும் ரசிக்கத்தானே தோன்றும்.

ஆனால் அந்தக் கால் அவளுடையது அல்ல. தூத்துக்குடியின் இன்னொரு கோடியில், மூன்றாம் மைல் பக்கம் குடியிருந்த பேச்சிமுத்துவுடையது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சென்னையில் டாக்டர் கிருபாகரன் என்ற ஆராய்ச்சிக்காரர் மட்டும் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒருவர் மூளையில் எழும் வலியைப் பிரித்து வேறு சிலருக்கு அனுப்பும் பட்டை ஒன்றைச் செய்தார். நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் மெல்லிய துணிப்பட்டை. வலி குறையாது, பங்கு பிரியும், அவ்வளவுதான். முதலில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் பார்த்தார்கள். ஊரான் வலியைக் கூலிக்குச் சுமக்க வந்தவர்கள் ஒரே வாரத்தில் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சிநேகிதம் இருக்கிற இடத்தில் நிற்கலாம் என்று யாரோ யோசனை சொல்ல, அவர் தேடிக்கொண்டு வந்து சேர்ந்த இடம்தான் தமயந்தி மிஸ் நடத்திய சனிக்கிழமைக் கூட்டம்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு பழைய உப்புக் குடோன். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், ஒரு கேரம் பலகை, ஒரு மின்விசிறி. நான்கு பிள்ளைகள். ஜெசிந்தா, பேச்சிமுத்து, பிறவியிலேயே பார்வையில்லாத ஹைதர், காது கேளாத உலகம்மாள். வீட்டில், பள்ளியில், கோயில் வாசலில் என்று வாரம் பூராவும் 'ஐயோ பாவம்' கேட்டு அலுத்த பிள்ளைகளுக்குச் சும்மா சிரிக்கவும் சண்டை போடவும் ஒரு இடம். அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. யாரும் யாரையும் பாவம் என்று சொல்லக் கூடாது. 'வலிக்குது' என்று முனகவும் கூடாது. சொன்னால் எல்லோருக்கும் முந்திரி போட்ட மக்ரூன் வாங்கித் தர வேண்டும். சட்டம் போட்டவன் பேச்சிமுத்து. கூட்டத்திலேயே அதிகம் முனக வேண்டியவனும் அவன்தான் என்பதால் மற்றவர்கள் மறுபேச்சு பேசவில்லை.

அவனுக்குப் பன்னிரண்டு வயதில் வலது காலில் லாரி ஏறியது. கணுக்காலுக்கு மேலே எலும்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். புண் ஆறியது, வலி ஆறவில்லை. போர்வை பட்டால் எரியும், காற்றுப் பட்டால் எரியும். முதல் நாள் டாக்டர் அதை இப்படித்தான் விளக்கினார்.

"தீ அணைஞ்ச பிறகும் அடிச்சுக்கிட்டே இருக்கிற அபாய மணி மாதிரி இது. அந்த வலி சொல்ற சேதி ஒன்னும் இல்ல, வெறும் சத்தம். என்னால மணியை நிறுத்த முடியாது. சத்தத்தை நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்க முடியும்."

நாலு பேரும் கட்டிக்கொண்டார்கள். இருக்கிற கஷ்டம் போதாதா என்று ஜெசிந்தாவின் அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்தாள். ஆனால் பேச்சிமுத்து அன்று ராத்திரி முழுக்கத் தூங்கினான் என்று அவன் அம்மா போனில் அழுததைக் கேட்ட பிறகு அவளும் கோபத்தை விட்டுவிட்டாள். பட்டையில் காதோரம் ஒரு சின்னத் திருகு இருந்தது. பரீட்சை, காய்ச்சல் என்று வந்தால் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதற்கு. அதை மேல்பக்கமும் திருப்பலாம். சிவப்புப் புள்ளியைத் தாண்டக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தாள்.

ஜெசிந்தா தாண்டினாள். முதல் மாதம் அவளுக்கு வந்தது வெறும் கனம், தொடைக்கு அப்பால் எங்கோ ஒரு சூடு. ஒரு நாள் குறுகுறுப்பு தாங்காமல் திருகைக் கொஞ்சம் ஏற்றினாள். குதிகால் வந்தது. எரிகிற குதிகால்தான், ஆனாலும் குதிகால். அடுத்த வாரம் பாதம். அப்புறம் ஒவ்வொரு விரலாக. கட்டைவிரல் வந்த அன்று அவள் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். எனக்குக் கால் இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? சொன்னால் திருகை இறக்கிவிடுவார்கள். அவள் ஏற்ற ஏற்றப் பேச்சிமுத்துவுக்கு வலி குறைந்தது. ஆகவே இது திருட்டில்லை, தர்மம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருடித் தின்கிறவனுக்கு இந்த மாதிரி சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கும்.

இப்போது இந்தத் தெறிப்பு. சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. எட்டு மாதமாக அவளுக்குத் தெரிந்த வலி தோல்மேல் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். இது உள்ளே, எலும்புக்குள், நாடி துடிப்பது போல அடித்தது. கூட்டத்துக்குப் போகும் வேனில் அவள் திருகைப் புள்ளிக்குக் கீழே இறக்கிப் பார்த்தாள். தன் நியாயமான பங்குக்குத் திரும்பிய பிறகும், முன்பு திருடியெல்லாம் சேர்த்து வந்ததைவிட அதிகமாக வலித்தது.

இறக்கியபடியே விட்டிருந்தால் மிச்சம் பேச்சிமுத்துவுக்குப் போயிருக்கும், அவனுக்கே தெரிந்திருக்கும். அவள் விடவில்லை. இன்றைக்குப் போய் அவனை ஏன் அழ வைக்க வேண்டும் என்று மறுபடி ஏற்றிக்கொண்டாள். இன்றைக்கு டாக்டர் வருகிறார். பங்குதாரர்கள் எல்லோரும் தாங்க முடிகிறது என்று சொன்னால் இன்னும் ஒரு வருஷம் பட்டை இருக்கும். ஒருவர் முடியவில்லை என்றாலும் சோதனை அன்றோடு நின்றுவிடும், பட்டைகள் பெட்டிக்குள் போய்விடும். ஒரு வார்த்தையில் பேச்சிமுத்துவின் தூக்கமும் போகும், அவள் காலும் போகும்.

குடோனில் பேச்சிமுத்து ஊன்றுகோல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. முழுக்கால் சட்டை, புதுச் செருப்பு, முகமெல்லாம் பல். நாளைக்கு அவன் தெரு அணிக்குக் கோல் காக்கப் போகிறான் என்பதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். மிஸ் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு சார், அவ்வளவுதான் என்றான் ஹைதர். உலகம்மாள் கையை விரித்து ஒன்றுமில்லை என்றாள். அவள் உதட்டோரம் வெளுத்திருந்ததை ஜெசிந்தா பார்த்தாள். அடுத்து தன்னிடம் கேட்டபோது, "சும்மாதான் சார் இருக்கு" என்று அவளும் சொன்னாள்.

டாக்டருக்குப் பரம திருப்தி. நீ எப்படிப்பா இருக்க என்று கடைசியாகப் பேச்சிமுத்துவைக் கேட்டார்.

"பாருங்க சார்," என்று சொல்லி அவன் வலது காலைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் ஓங்கி மிதித்தான்.

ஜெசிந்தாவின் கண் இருட்டியது. காலுக்குள் யாரோ கடப்பாரையை இறக்கினார்கள். உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. கண்ணைத் திறந்தபோது ஹைதரின் கையிலிருந்த மக்ரூன் தரையில் நொறுங்கிக் கிடந்தது. உலகம்மாள் கேரம் பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மூன்று பேரும் சத்தமே போடவில்லை. மிதித்தவன் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றான்.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. மூன்று பேரும் பொய் சொல்கிறார்கள். சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவனுக்காகவே சொல்லாமல் இருக்கிறார்கள். அவனுக்கோ சொல்ல ஒன்றுமே இல்லை.

அவளுக்குப் பதினோரு வயதில் நடந்தது நினைவுக்கு வந்தது. பள்ளி வேனில் இன்ஜின் மூடிமேல் அவள் பாதம் சாய்ந்து கிடந்தது. வீடு வரும்வரை அது வெந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு அம்மா ஒரு கைக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாதத்தின் அடி, விரலிடுக்கு, குதிகால் என்று கண்ணாடியில் பார்த்துவிடுவாள். உணர்ச்சி இல்லாத காலுக்குக் கண்தான் காவல். வலிக்கிற புண் மனுஷனை எழுப்பிவிடும், வலிக்காத புண்தான் ஆளைக் கொல்லும். பேச்சிமுத்துவுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அவன் காலை வலியே காவல் காத்தது. அந்தக் காவல்காரனை நால்வரும் சேர்ந்து பங்கு போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள்.

"வலிக்குது," என்றாள் ஜெசிந்தா.

பேச்சிமுத்து திரும்பினான். "மக்ரூன் வாங்கிட்டு வா போ," என்றான் விளையாட்டாக.

"வாங்கித் தாரேன். உன் பேன்ட்ட முழங்கால் வரைக்கும் தூக்கு. பாக்கணும்."

அவன் முகம் மாறியது. பந்து பழகினதில் லேசாக வீங்கியிருக்கிறது, அதைப் போய் என்ன பார்ப்பது என்றான். பழைய வலி இல்லை இது, உள்ளே இருந்து அடிக்கிறது என்று அவள் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார். எப்போதிலிருந்து என்று கேட்டார். காலையிலிருந்து என்றாள். அவர் ஹைதரைப் பேர் சொல்லிக் கூப்பிட, அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று நாளாகவே லேசாக இருந்தது சார், நான்தான் சொல்லவில்லை என்றான் மெதுவாக.

"ஏட்டி, உனக்கு என்ன தெரியும்?" என்றான் பேச்சிமுத்து. "நீ வாயத் தொறந்தா இவங்க பட்டையக் கழட்டிருவாங்க. கழட்டுனா எனக்கு என்ன ஆகும்னு தெரியுமா? அஞ்சு வருசம் நான் பட்டது உங்க யாருக்கும் தெரியாது. நாலுல காப்பங்கு வாங்கிட்டுப் பேசாத."

"காப்பங்கு இல்லலே," என்றாள் அவள். இப்போது விட்டால் அப்புறம் சொல்ல வாய் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. "நான் திருகை ஏத்தி வச்சிருக்கேன். ஏழு மாசமா. பாதிக்கு மேல என்கிட்டதான் இருக்கு. உனக்காக இல்ல. எனக்குக் கால் வேணும்னு ஏத்துனேன்."

தமயந்தி மிஸ் சைகையில் அதைச் சொல்ல, உலகம்மாள் ஜெசிந்தாவை வெறித்துப் பார்த்தாள். பிறகு தன் காதோரம் கையைக் கொண்டுபோய்த் திருகைத் தொட்டுக் காட்டினாள். அவளும் ஏற்றியிருந்தாள். போன மாதம் பேச்சிமுத்து கேரம் ஆடிக்கொண்டே பாட்டுப் பாடுவதை அவன் வாயசைவில் பார்த்தாளாம். அது நிற்கக் கூடாது என்று ஏற்றினாளாம். ஹைதரும் ஏற்றியிருந்தான். இவர்கள் இரண்டு பேரும் அன்பில் ஏற்றியிருக்கிறார்கள், நான் மட்டும்தான் ஆசையில் ஏற்றினேன் என்று ஜெசிந்தாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப எனக்கு வந்ததே இல்லையா?" என்றான் பேச்சிமுத்து. அவன் மெல்ல உட்கார்ந்தான். "நான் சரியாயிட்டேன்னுல்ல நெனச்சேன்."

டாக்டர் மண்டியிட்டு அவனுடைய பேன்ட்டை மேலே சுருட்டினார். ஜெசிந்தா தன் பையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து, அவன் பார்க்கிற மாதிரி அவன் ஆடுதசைக்குப் பின்னால் பிடித்தாள். கால் பளபளவென்று சிவந்து தடித்திருந்தது. பழைய தையல் தழும்பின் முடிவில் சின்னதாக ஒரு துளை, அதிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு. வாடை வந்தது. ஹைதர்தான் முதலில் மூக்கைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் ஒரு விரலைத் தழும்புமேல் வைத்து லேசாக அழுத்தினார். மூன்று பேர் முகமும் சுருங்கியது. பேச்சிமுத்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தகட்டுக்கு அடியில சீழ் பிடிச்சிருக்கு. எலும்புல," என்றார் டாக்டர். "அர்த்தமில்லாத வலின்னு சொன்னேன். இது அர்த்தம் உள்ள வலி. இரண்டையும் சேர்த்துப் பிரிச்சுக் கொடுத்திருக்கேன்." அப்புறம் பேச்சிமுத்துவின் தோளில் கை வைத்தார். "தம்பி, எதுவரைக்கும் போயிருக்குன்னு உன்னால மட்டும்தான் சொல்ல முடியும். பட்டையை நிறுத்தணும். கொஞ்ச நேரம் தாங்கிக்கோ."

அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். கோபமா கெஞ்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை.

டாக்டர் நிறுத்தினார். கட்டைவிரலிலிருந்து தொடங்கி விரல் விரலாக, பாதம், குதிகால் என்று எட்டு மாதமாக அவளோடு இருந்த கால் அணைந்துபோனது. நாற்காலிக்குக் கீழே பழையபடி இரண்டு செருப்புகள் தெரிந்தன, அவ்வளவுதான். அதே நொடியில் குடோன் கூரை அதிர ஒரு அலறல் எழுந்தது. அவள் காதைப் பொத்தவில்லை. கேட்டுக்கொள்ள வேண்டியது தன் கடன் என்று உட்கார்ந்திருந்தாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கும், ஆளே மிஞ்சியிருக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சோதனை நின்றது. பட்டைகள் பெட்டிக்குள் போயின. ஜெசிந்தா இரண்டு தரம் அவனைப் பார்க்கப் போனாள், இரண்டு தரமும் தூங்குகிறான் என்று சொன்னார்கள். பகல் பதினொரு மணிக்கு யார் தூங்குவார்கள்? அவள் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தன் கால்களைப் பார்த்தாள். புண் இல்லை, கீறல் இல்லை, ஒன்றுமே இல்லை. அவனுக்காகவும் அழுதாள், தன் காலுக்காகவும் அழுதாள். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டம் மட்டும் நடந்தது. சட்டத்தை மாற்றினார்கள். இனிமேல் 'ஒன்னுமில்ல', 'சும்மாதான்' என்று பொய் சொல்கிறவர்தான் மக்ரூன் வாங்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் மாறி மாறி வாங்கினார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சாய்தளத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து மெலிந்திருந்தான். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஜெசிந்தாவுக்கு எதிரே, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஹைதர் காய் அடுக்கச் சொன்னான், அடுக்கினான். எரிச்சல் போயிற்றா என்று மிஸ் கேட்டதற்கு, போயிற்று, ஆனால் இல்லாத கால் ராத்திரியும் பகலும் அரிக்கிறது என்றான். எங்கே என்று சொறிவது? நல்ல காலுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்து, எடுத்த காலும் இருப்பது போலக் காட்டிப் பார்த்தார்கள். அம்மா தன் காலைச் சொறிந்து காட்டினாள், அண்ணன் காட்டினான். அடுத்தவன் தன் காலைச் சொறிவதைப் பார்த்தால் சிலருக்கு அடங்குமாம். அவனுக்கு அடங்கவில்லை.

அப்போது ஜெசிந்தாவின் வலது பாதம் நாற்காலிப் படியிலிருந்து நழுவியது. உலகம்மாள் குனிந்து அதைத் தூக்கி வைத்தாள். குதிகாலில் ஒட்டியிருந்த உப்பு மண்ணைக் கையால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துத் தட்டிவிட்டாள்.

பேச்சிமுத்துவின் கையிலிருந்த காய் உருண்டு ஓடியது.

"இன்னொரு தரம்," என்றான். "அதே எடத்துல. இன்னொரு தரம் தேய்க்கச் சொல்லு."

மிஸ் சைகை காட்டுவதற்குள் ஜெசிந்தாவே குனிந்து தன் குதிகாலை நகத்தால் சொறிந்தாள். அவன் கண்ணை அகல விரித்து அவள் பாதத்தையே பார்த்தான். நாலு மாதமாக இறுகியிருந்த தோள் இறங்கியது.

"எங்க அம்மா கால்ல வரல. எங்க அண்ணன் கால்ல வரல," என்றான். அப்புறம்தான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "எட்டு மாசம் நீதானட்டி வச்சிருந்த. ஆஸ்பத்திரில எடுத்தது வெறும் எலும்பு. என் கால் உன்கிட்டதான் கெடக்கு."

எங்கே அரிக்கிறது, சொல்லு என்றாள் ஜெசிந்தா. இன்னும் கொஞ்சம் கீழே என்றான். விரலிடுக்கில் என்றான். கட்டைவிரல், அங்கேதான், விடாதே என்றான். அவளுக்குக் காலில் ஒன்றுமே தெரியவில்லை. தோல் கீறாமல் இருக்கக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சொறிந்தாள். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை அவன் முகம் சொன்னது. நாற்காலி பெல்ட்டுக்கு மேலே மடிந்து குனிந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது, தோள்பட்டை இழுத்தது.

வெயில் சாய்தளத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஹைதர் மக்ரூன் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"கை வலிக்குதாட்டி?" என்றான் பேச்சிமுத்து.

ஒன்னுமில்ல என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பிறகு நிறுத்தினாள்.

"ஆமா," என்றாள். "வலிக்குது."

அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.